நாக்கை மடி

குரலாரைப் பொறுத்தவரை மனிதர்கள் இரண்டு வகை. ழகரம் வருகிறவர்கள் ஒரு வகை. வராதவர்களையும் மனிதக் கணக்கில் சேர்த்தது அவருடைய பெருந்தன்மை.

வானொலியில் செய்தி வாசித்து ரிட்டயர் ஆனவர். வெள்ளம் வந்தாலும் விமானம் விழுந்தாலும் அந்தக் குரலில் ஒரு மடிப்பு கலையாது. இறந்தவர்களின் எண்ணிக்கையை அவர் வாசித்தால், குலுக்கலில் பரிசு விழுந்த எண்ணைச் சொல்வது போல இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கேலியாக வைத்த பெயர்தான் ‘குரலார்’. அது கேலி என்று எல்லோருக்கும் புரிந்தது. அவருக்கு மட்டும் அது பட்டம் என்று புரிந்தது. விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டார்.

பென்ஷன் கிடையாது. மொத்தமாக ஒரு தொகையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே வருடம் அவருடைய மனைவியும் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ரிட்டயர் ஆனாள். தெருவில் அவளுக்கு நர்ஸம்மா என்று பெயர். அவளுக்கும் ஒரு தொகை வந்தது. இரண்டையும் வைத்துத்தான் இருவரும் கடைசிவரை சாப்பிட்டாக வேண்டும்.

“பேங்க்ல போட்டா பணம் தூங்கும். ஷேர்ல போட்டா வேலை செய்யும்,” என்றார் குரலார்.

“நான் காலம் பூரா நைட் டூட்டி பார்த்தவ. என் பணமாவது தூங்கட்டுமே,” என்றாள் நர்ஸம்மா.

“அப்படியே உன் தம்பி மாதிரி பேசற.”

தம்பி டாக்சி ஓட்டுகிறவன். மிச்சம் பிடித்ததை பேங்க்கில் போட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குகிறவன். குரலாரின் அகராதியில் மச்சான் என்ற சொல்லுக்கு மட்டம் என்று பொருள். அவனுடைய அக்காவை மட்டும் உயர்த்திவிடலாம் என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் பாடம் நடத்தினார். தொல்லை பிடித்த நோயாளிக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது போல, வாய் ஓய்ந்தால் போதும் என்று நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஷேர் கம்பெனிகள் ஊரில் எத்தனையோ இருந்தன. குரலார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் படித்த புள்ளிவிவரம், கேட்ட ஆலோசனை எல்லாம் பூஜ்யம். ஒரே ஒரு காரணம்தான். அந்தக் கம்பெனிக்கு போன் செய்தால் முதலில் கேட்பது அவருடைய குரல். பல வருடங்களுக்கு முன் ஒரு மதியத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசிக் கொடுத்தது.

“வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தரத்திற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.”

தன் குரலை நம்பித் தன் பணத்தைப் போட்ட ஒரே முதலீட்டாளர் அவராகத்தான் இருப்பார்.

கம்பெனியின் கிளை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. பெரிய திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டம்ளர் இல்லாத தண்ணீர் மெஷின். நாள் முழுக்க அங்கே ஒரு ரிட்டயர்டு கூட்டம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பச்சை வந்தால் தொடையைத் தட்டும். சிவப்பு வந்தால் அரசாங்கத்தைத் திட்டும். வீட்டில் யாரும் இவர்களைத் தேடமாட்டார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும்.

கணக்குத் தொடங்கப் போன அன்று, ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் படிவத்தை நீட்டினாள். போனில் வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் வாங்கி ஷேரை வாங்குவதும் விற்பதும் அவள் வேலை.

“சார், இங்க பேர் எளுதுங்க. கீளே கையெளுத்து.”

குரலார் பேனாவை மூடினார். “என்னம்மா சொன்ன?”

“கையெளுத்து சார்.”

“கையெ-ழு-த்து. நாக்கை மடி. மடிச்சு மேல கொண்டு போ. எங்க, சொல்லு.”

பிளாஸ்டிக் நாற்காலிகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தன. அவள் சொன்னாள். சரியில்லை என்றார். இன்னொரு தடவை சொன்னாள். “காதுல விழல” என்றார். மூன்றாவது தடவை சொன்னதும், “பரவாயில்ல. மனுஷக் குரல் மாதிரி இருக்கு,” என்று கையெழுத்துப் போட்டார். அவள் சிரித்த முகம் மாறாமல் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் வைத்த பெயர் ‘பளம்’.

அதன் பிறகு போனில் அவள் எந்த வார்த்தை சொன்னாலும் திருத்துவார். அவள் திருப்பிச் சொல்வாள். வாங்குவதும் விற்பதும் அதற்கு அப்புறம்தான்.

பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்த வரைக்கும் குரலார் மேதை. பிறகு ஒரு நாள் இறங்கியது. மறுநாளும் இறங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கிளை மேனேஜர் டை கட்டிய தேன் பாட்டில். “இது சரிவு இல்ல சார். கரெக்‌ஷன்.”

கரெக்‌ஷன் என்றால் திருத்தம். அந்தச் சொல் குரலாருக்குப் பிடித்துப் போயிற்று. ஊரையே திருத்தியவர் அல்லவா! தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ‘திருத்தப்பட்டு’ப் போன பிறகும், திருத்தம் நல்லதுக்குத்தான் என்று வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தார்.

வாய்தான் விளக்கியது. பல் வேறு கதை சொன்னது. தூக்கத்தில் நறநறவென்று கடித்தார்.

“ராத்திரி பூரா மாவு மில்லு ஓட்டறீங்க. பக்கத்துல படுக்க முடியல,” என்றாள் நர்ஸம்மா. “மிச்சத்தையாவது வித்து எடுத்துடுங்க. நமக்கு இன்னொரு தடவை சம்பாதிக்கிற வயசா?”

“பொறுமை இல்லாதவங்களுக்குத்தான் நஷ்டம்.”

“பொறுமையா? உங்களுக்கா? ஹோட்டல்ல தண்ணி வைக்க லேட்டானா எந்திரிச்சுப் போற ஆளு நீங்க.”

ஒரு காலை, கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டாக உடைந்தது. வலி தாங்காமல் கம்பெனிக்கு போன் செய்து, “விக்கிறதா விடறதான்னு நாளைக்குச் சொல்றேன். முதல்ல இந்தப் பல்லு ஒழியட்டும்,” என்று பளத்திடம் சொல்லி வைத்தார். மறுநாள் நர்ஸம்மா அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் பஞ்சை வைத்து, “ரெண்டு மூணு மணி நேரம் மரப்பு இருக்கும். அதிகம் பேச வேண்டாம்,” என்று டாக்டர் அனுப்பினார். குரலாரைப் பேச வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதர் அவர்.

வெளியே காத்திருக்கும் அறையில் ஒரு டிவி. அதில் சிவப்பு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், “எல்லாம் முடிஞ்சுது. இருக்கறவன் எல்லாம் வித்துட்டு ஓடறான்,” என்று முனகினார்.

ஓடுகிற கூட்டத்தில் குரலாராவது சேர்வதாவது! எல்லோரும் விற்கிறார்கள், மனைவியும் விற்கச் சொல்கிறாள் என்றால் விற்காமல் இருப்பதுதான் அறிவாளிக்கு அழகு. போனை எடுத்தார்.

“பஞ்சை வச்சுக்கிட்டு யாருக்கு போன்? வீட்டுக்குப் போய்ப் பேசலாம். நாக்கு மரத்திருக்கு,” என்றாள் நர்ஸம்மா.

கையைக் காட்டி அவளை அடக்கினார். போனில் அவருடைய குரலே அவரை வரவேற்றது. இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று அவருக்கே எச்சரிக்கை கொடுத்தது. அதை ரசித்து முடிப்பதற்குள் பளம் வந்துவிட்டாள்.

“சொல்லுங்க சார்.”

“நாந்தான். குதலார்.”

“சார், குரல் ஒரு மாதிரி இருக்கே? உடம்பு சரியில்லையா?”

“பல்லு. அதை விது. எல்லாத்தையும் வித்துது.”

அவர் சொல்ல நினைத்தது: ‘அதை விடு. எல்லாத்தையும் விட்டுடு.’ இருப்பது இருக்கட்டும், தொடாதே என்று அர்த்தம். ட என்ற எழுத்துக்கு நாக்கு மடிந்து மேலே போக வேண்டும். அவருடைய நாக்கில் பாதி அன்றைக்கு லீவு. அது பல்லுக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டு எல்லா ட-வையும் த-வாக்கி அனுப்பியது.

“எல்லாத்தையுமா சார்?”

“எல்லாத்தையும்!”

“பெரிய ஆர்டர் சார். நான் திருப்பிச் சொல்லணும். எல்லாத்தையும் வித்துடறேன். சரிங்களா?”

இங்கேதான் குரலார் தப்பித்திருக்க வேண்டும். ‘வித்துடறேன்’ என்று ஒரு பெண் தெளிவாகச் சொல்கிறாள். நல்ல காது உள்ள எவனும் துள்ளிக் குதித்திருப்பான். ஆனால் குரலார் பளம் சொல்வதை என்றைக்குக் கேட்டார்? அவள் எப்படித் தப்பாகச் சொல்லப் போகிறாள் என்பதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்! ‘விட்டுடறேன்’ என்பதை இந்த ஜென்மம் ‘வித்துடறேன்’ என்று சொல்லுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம், “இதுக்கு ‘த’வும் போத்து!” என்று கொழகொழத்தார். பிறகு போனில் பாடம் எடுத்தார்.

“வித்துது இல்லம்மா... வித்துது! நாக்க மதி!”

பளத்துக்கு இது புதிதல்ல. எந்த வார்த்தை சொன்னாலும் திருத்துகிற ஆள். இன்றைக்கு ‘வித்துடு’ என்பதில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார் போல.

“வித்துடறேன் சார்,” என்றாள், முடிந்த அளவு அழுத்தமாக.

“ம். பதவால்ல,” என்று போனை வைத்தார்.

சாயங்காலம் மரப்பு தெளிந்து வலி ஆரம்பித்த நேரத்தில், போனில் கம்பெனியின் தகவல் வந்து விழுந்தது. உங்கள் ஷேர்கள் அனைத்தும் விற்கப்பட்டன.

குரலார் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார். நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல வேளை. அந்தப் பொண்ணாவது நான் சொன்னதைக் கேட்டுச்சே,” என்று உள்ளே போனாள்.

மறுநாள் சந்தை ஏறியது. ஒரே ஒரு நாள்தான் ஏறியது, ஆனால் குரலாரைக் கொளுத்திப் போட அந்த ஒரு நாள் போதும். அன்றைக்கே தன் கைப்பட ஒரு புகார் எழுதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். முன்னால் போன பணத்துக்கு இருபது பேர் இன்னும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த இடத்தில், தன் புகாரைச் செய்தி வாசிப்பது போலவே வாசித்தார்.

“‘விட்டுடு’ என்ற சொல்லை, ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் பிறக்குமாறு, தெள்ளத் தெளிவாக உச்சரித்தேன். நாவும் செவியும் பழுதான ஓர் ஊழியரால் என் முதலீடு அழிக்கப்பட்டது. என் ஷேர்களை உடனே திருப்பித் தருக. அவரை வேலையிலிருந்து நீக்குக.”

பளம் எழுந்து நின்றாள். “சார், நீங்க வித்துடுன்னுதான் சொன்னீங்க. நானும் வித்துடறேன்னு ரெண்டு தடவை சொன்னேன்.”

“ட-வுக்கும் த-வுக்கும் வித்தியாசம் தெரியாத காது அது. உன்னச் சொல்லிக் குத்தமில்ல. உன்ன அந்த நாற்காலியில உட்கார வச்சானே, அவனச் சொல்லணும்.”

உட்கார வைத்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தேன் பாட்டில் சுருங்கிவிட்டது. ஏறுகிற சந்தையில் ஷேரைத் திருப்பிக் கொடுத்தால் கம்பெனிக்குத்தானே நஷ்டம்! “அடுத்த வாரம் விசாரணை வைக்கறோம் சார். போன் பதிவைக் கேட்டு முடிவு பண்ணுவோம். எங்க தப்புன்னா ஷேர் உங்களுக்கு, வித்த பணம் எங்களுக்கு. இல்லன்னா வித்தது வித்ததுதான். அதுவரைக்கும் அந்தப் பணத்தை நீங்க எடுக்க முடியாது.”

பளத்தின் ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பின்னறையில் பழைய ஃபைல்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். குரலார் வெற்றியோடு படியிறங்கினார்.

அடுத்த நாள் காலை சந்தை விழுந்தது. இதற்கு முன் விழுந்ததெல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி விழுந்தது. அதற்கு அடுத்த நாளும். வாரக் கடைசியில், குரலார் கேட்டிருந்த அந்த அருமை ஷேர்கள், பளம் விற்ற விலையில் பாதிக்கும் கீழே கிடந்தன. திருத்தம் என்ற சொல்லை டிவியில் யாரும் சொல்லவில்லை.

குரலார் டிவி முன்னால் தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார்.

“என்ன சத்தத்தையே காணோம்?” என்றாள் நர்ஸம்மா. “அந்தப் பொண்ணு தப்பாக் கேட்டதால நம்ம சோறு தப்பிச்சிருக்கு. இப்ப நீங்க ஜெயிச்சா நாம ரெண்டு பேரும் நடுத்தெரு. புரியுதா? விசாரணையில தோத்துட்டு வாங்க.”

“நான் எப்படித் தோக்கறது?”

“உண்மையச் சொல்லுங்க. நாக்கு மரத்திருந்துச்சு, வாய் குழறிடுச்சு, அவ்வளவுதானே?”

“குழறிடுச்சா? எனக்கா?”

நர்ஸம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். படுக்கையை நனைத்துவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரன் மேல் பழி போடுகிற நோயாளியை அவள் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறாள். இவனை என்ன செய்வது என்பது போன்ற அதே பார்வை.

“என் பணமும் அதுல இருக்கு,” என்றாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

விசாரணைக்கு மச்சான்தான் டாக்சியில் கூட்டிப் போனான். கண்ணாடியில் குரலாரைப் பார்த்துக்கொண்டே வந்தவன், செருப்புக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“ஏன் மாமா, கடைசியில என்னதான் சொன்னீங்க? வித்தீங்களா, விட்டீங்களா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

“வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு மாமா.”

மேனேஜரின் அறையில் வரவேற்பு பலமாக இருந்தது. போன வாரம் சுருங்கியிருந்த தேன் பாட்டில் இன்றைக்குப் பொங்கி வழிந்தது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். பளம் சுவரோரம் நின்றிருந்தாள். மேஜை மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர்.

மேனேஜர் பட்டனை அழுத்தினார்.

“வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது...” என்று தங்கம் போல ஒரு குரல் அறையை நிரப்பியது. குரலார் பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே அதற்குப் பின்னால் இன்னொரு குரல், சேற்றில் கால் வைத்தது போல வந்தது.

“நாந்தான். குதலார்.”

நர்ஸம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பீக்கர் இரக்கமே இல்லாமல் தொடர்ந்தது. “எல்லாத்தையும் வித்துது... வித்துது இல்லம்மா, வித்துது! நாக்க மதி!”

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியின் பணம் பேசும்போது சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

“பதிவு கொஞ்சம் சரியில்ல சார். மெஷின் கோளாறு. ஆனா உங்க உச்சரிப்பு ஊருக்கே தெரியும். நீங்க விட்டுடுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்கன்னா அது விட்டுடுதான். தப்பு எங்களோடது. மன்னிச்சுக்குங்க. ஷேரை இன்னைக்கே திருப்பிக் குடுத்துடறோம். இந்தப் பொண்ணுக்கும் இந்த மாசத்தோட கணக்கு முடிச்சிடறோம்.”

ஷேரைத் திருப்பிக் கொடுத்தால் விற்ற பணம் கம்பெனிக்கு வந்துவிடும். ஷேரோ பாதி விலை. இவ்வளவு லாபம் வருகிற மன்னிப்பை அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார்.

குரலார் செருமினார். “அது வந்து... நான் யோசிச்சுப் பார்த்தேன். நான் வித்துடுன்னுதான் சொன்னேன். விக்கணும்னுதான் நினைச்சேன்.”

“அப்படியா?” மேனேஜர் புகாரை எடுத்தார். “‘ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் பிறக்குமாறு, தெள்ளத் தெளிவாக...’ உங்க கையெழுத்துதானே சார்? அருமையான நடை.”

குரலாரை அவருடைய நடையே காலை வாரிவிட்டது.

“அன்னிக்கு அவருக்குப் பல் பிடுங்கினாங்க. கீழ்க் கடைவாய்க்கு ஊசி போட்டா நாக்கும் பாதி மரத்துப் போகும். நான் நர்ஸ்,” என்றாள் நர்ஸம்மா.

“அம்மா, நீங்க சொல்றது செல்லாது. ஆர்டர் குடுத்தது சார். அவர் வாயால வரணும்.” மேனேஜர் குரலார் பக்கம் சாய்ந்து குழைந்தார். “சார் உச்சரிப்புல தப்பு வரும்னு நான் சொன்னா, என்னை ரோட்டுல நிக்க வச்சு அடிப்பாங்க. உங்க குரலைக் கேட்டு வளர்ந்தவங்க சார் நாங்க.”

வாழ்நாள் முழுக்க மேலிடத்து ஆள் ஒருவன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று ஏங்கியவர் குரலார். இன்றைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும், உச்சரிப்பு பிழைத்துவிடும். பணம் போய்விடும். அவர் அந்தப் புகழ்ச்சியைக் கொஞ்ச நேரம் நக்கிப் பார்த்ததை நர்ஸம்மா கவனித்தாள். பாதிப் பணத்தை அதற்குக் கொடுத்துவிடக்கூடிய ஆள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன். உங்க உச்சரிப்ப வச்சு நீங்க சமைச்சுச் சாப்பிடுங்க.”

“இரு!” என்றார் குரலார்.

நர்ஸம்மா கைப்பையோடு திரும்பி நின்றாள்.

“அன்னிக்கு,” என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டு, “என் உச்சரிப்பு... பிளை.”

வார்த்தையைப் பாதி விழுங்கியதில் அப்படித்தான் வந்தது.

மேனேஜர் முகம் வாடியது. “சார், சரியா விளங்கல. அதனால...”

“இருங்க சார்.” சுவரோரம் நின்றிருந்த பளம் முன்னால் வந்தாள். தன் போனை எடுத்து, பதிவு செய்யும் பட்டனை அழுத்தி, குரலாரின் வாய்க்கு நேராக வைத்தாள். அதே சிரித்த முகம். “தரத்திற்காக இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுகிறது. இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”

“என் உச்சரிப்பு பிழை.”

“காதுல விழல.”

குரலார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அங்கேயும் உதவி வருவதாகத் தெரியவில்லை.

“அன்றைக்கு நான் ‘வித்துடு’ என்றுதான் உச்சரித்தேன். என் உச்சரிப்புப் பிழை. இந்தப் பெண் சரியாகவே கேட்டாள்.”

செய்தி வாசித்த காலத்தில்கூட அவர் இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. ழகரம் மணி போல ஒலித்தது.

“பரவாயில்ல,” என்றாள் பளம். “மனுஷக் குரல் மாதிரி இருக்கு.” போனை மேனேஜர் முன்னால் வைத்தாள். “இந்த அழைப்பு விஷயம் இதோட முடிஞ்சுது இல்லையா சார்? நான் என் இடத்துக்குப் போகலாமா?”

அழைப்பு. சுத்தமான ழ. குரலாரின் தலை வெடுக்கென்று திரும்பியது. அவளுக்கு எப்போதுமே ழகரம் வந்திருக்க வேண்டும். முதல் நாள் வந்தது பேச்சுப் பழக்கம். அதற்குப் பிறகு ழகரத்தை அவருக்காகச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

விற்ற பணம் வந்தது. போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு. நர்ஸம்மா அன்றைக்கே அதை பேங்க்கில் தன் பெயரில் போட்டுத் தூங்க வைத்தாள். வாரம் ஒரு முறை குரலாருக்குக் கைச்செலவுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். இரண்டு பேருமே செலவைச் சுருக்கிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு போனது போனதுதான். அதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் குரலாருக்குத் திடீரென்று தோட்டத்தில் வேலை வந்துவிடும். அந்த வீட்டுக்குத் தோட்டமே கிடையாது.

இத்தனைக்கும் பிறகு மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைத்தால் அது உங்கள் கெட்ட நேரம்.

பிடுங்கிய பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் தகராறு செய்தது. மறுபடியும் அதே பல் டாக்டர், அதே காத்திருக்கும் அறை, அதே டிவி. அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியவர் இன்றைக்கும் இருந்தார். அவர் விற்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நீங்க தப்பிச்சிட்டீங்களாமே சார்? இங்க உட்கார்ந்துதான் வித்தீங்களாம். எப்படி சார் முன்னாடியே தெரிஞ்சுது?”

குரலார் கால்மேல் கால் போட்டார். குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

“சந்தையோட நாடியப் பிடிச்சுப் பார்க்கணும். எல்லாரும் பயந்து குழம்பி நிக்கறப்போ, நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். வித்துடு.”

“அப்படியே அந்த வார்த்தையா?”

“அட்சரம் பிசகாம.”

உள்ளே கதவு திறந்தது. டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். குரலார் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். நர்ஸம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“இப்ப போய் வாயத் திறங்க,” என்றாள்.